வயிறு சொன்ன வதந்தி

குன்றநாட்டு ராஜா சிங்கக்கேசரிக்கு நல்ல சேதி என்றால் வெல்லப்பாகு, கெட்ட சேதி என்றால் வேப்பங்காய். அது தெரிந்த தண்டோராக்காரர் தம்பையா, மண் வெடித்துக் கிடக்கிற ஊரிலும் லேசான தூறல் என்றுதான் தமுக்கு அடிப்பார்.

ஒருநாள் காலை, "மருதேரி நிரம்பி வழிகிறது! மக்கள் ஆனந்தம்!" என்று முழங்கினார். ஊர் ஊராக உப்பு விற்கும் காமாயி சந்தையில் நின்று, "வழியலப்பா, கரை உடைஞ்சு போச்சு! ரெண்டு நாளா நாலு ஊரு தண்ணியில கெடக்கு" என்றாள்.

அவளைப் பிடித்து வந்தார்கள். ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"இனிமேல் தமுக்கில் வந்தால்தான் சேதி. மற்றதெல்லாம் வதந்தி. சொன்னாலும் நாடுகடத்தல், நம்பினாலும் நாடுகடத்தல். பொழுது சாய்வதற்குள் இவளை எல்லை தாண்டி விடுங்கள்!"

அரண்மனையில் ஓலை எழுதும் மாதவப்பனுக்கு மனசு கேட்கவில்லை. காமாயி போய்விட்டால் அந்த நாலு ஊரைப் பற்றிப் பேச நாதியில்லை. எதிர்த்துப் பேசினாலோ, அவனும் கூடவே நடக்க வேண்டியதுதான். நேரே போய்த் தம்பையாவைப் பிடித்தான்.

"அண்ணே, மகாராஜா இன்றைக்குப் பதினாறு வகைக் கறியோடு வயிறாரச் சாப்பிட்டாராம்."

"நீ பார்த்தியா?"

"இல்லையே."

"சரி விடு. நல்ல சேதிக்குப் பார்க்க வேற செய்யணுமா?"

தமுக்கு முழங்கியது.

உச்சிப்பொழுதில் ராஜா மணையில் வந்து உட்கார்ந்தார். இலை வரவில்லை. சமையற்காரர் அப்பண்ணா கைகட்டி நின்றார்.

"சோறு எங்கேய்யா?"

"சத்திரத்துக்கு அனுப்பிட்டேன் மகாராஜா. தாங்கள்தான் சாப்பிட்டாச்சே! ஊரே கேட்டுதே!"

"எனக்குப் பசிக்கிறது!"

மாதவப்பன் பணிவாக முன்னே வந்தான். "தங்களுக்குப் பசிக்கிறது என்று யார் சொன்னது, மகாராஜா?"

"என் வயிறு!"

"வயிறு தமுக்கு அடிக்கவில்லையே. அப்படியென்றால் அது வதந்தி. நம்பிச் சோறு போட்டால் பாவம், அப்பண்ணாவை நாடு கடத்திவிடுவீர்கள்."

ராஜா பல்லைக் கடித்தார். "தம்பையா! எனக்குப் பசி என்று போய் அறிவி!"

தம்பையா ஓடினார். ஆனால் ராஜா பசியோடு இருக்கிறார் என்று சொல்ல அந்த வாய்க்கு வருமா? வாசலில் குரல் கேட்டது: "நாட்டு நலனுக்காக மகாராஜா மூன்று நாள் உபவாசம்! மக்கள் ஆனந்தக் கண்ணீர்!"

அப்பண்ணா உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் ஊற்றினார்.

"அடப்பாவி!" ராஜா எழுந்தேவிட்டார். "உள்ளதை உள்ளபடி சொல்ல இந்த நாட்டில் ஒருத்தர்கூடவா இல்லை?"

"ஒருத்தி இருக்கிறாள். எல்லையை நோக்கி நடந்துகொண்டிருக்கிறாள்" என்றான் மாதவப்பன்.

குதிரை பறந்தது. காமாயி வந்து நின்றாள்.

"அம்மா, அந்த உத்தரவு ரத்து. இனி நீ சொன்னால்தான் சேதி. எனக்குப் பசி என்று தெருவில் போய்ச் சொல்லு."

"பார்க்காததை நான் சொல்றதில்ல சாமி."

வேறு வழி? ராஜா மேலாடையை விலக்கி, ஒட்டிய வயிற்றைக் காட்டினார். காமாயி உற்றுப் பார்த்தாள்.

"மெய்தான். ஒரு வேளைப் பசி. சொல்லிடறேன் சாமி. ஆனா மருதேரிச் சனங்களுக்கு ரெண்டு நாள் பசி. அதை முதல்ல சொல்லுவேன். உங்களதைக் கடைசியில சொல்லுவேன்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காமாயிக்கும் மாதவப்பனுக்கும் ஆளுக்கொரு பட்டு கொடுத்தார். ஐநூறு ஆட்களும் நெல் வண்டிகளும் மருதேரிக்குக் கிளம்பின. அதெல்லாம் சொல்லி முடித்து, காமாயி கடைசிச் சேதிக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அப்புறம்தான் ராஜாவுக்கு இலை போட்டார் அப்பண்ணா.