அறுபது நாள் கெடு

கோமதிநாயகத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. அவருடைய டீச்சர் ஜெசிந்தாவுக்கு முப்பத்து நான்கு. ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர் பார்ப்பவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் திருநெல்வேலியில் ஜெசிந்தா பாடம் எடுத்தார். அந்த வகுப்பில் வயதில் மூத்த மாணவர் கோமதிநாயகம்தான். சொன்ன பேச்சைக் கேட்காததிலும் இவர்தான் மூத்தவர்.

இவர் கம்ப்யூட்டர் பார்த்துவந்த ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய சர்வர் இருந்தது. ஒரே கம்ப்யூட்டருக்குள் நான்கு கம்ப்யூட்டர்களை ஓட வைக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை அதில் போட்டிருந்தார். விலைக்கு வாங்கியதல்ல, சோதித்துப் பார்க்க இலவசமாகத் தரும் ட்ரையல். அறுபது நாள்தான் கெடு. கெடு முடிந்தபின் உள்ளே ஓடுகிற நான்கில் ஒன்று நின்றுபோனால் மறுபடி எழுப்ப முடியாது.

அதனால் அறுபது நாளுக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, அதை அழித்துவிட்டு அதே ட்ரையலைப் புதிதாகப் போடுவார். இதுவரை ஏழு முறை போட்டாயிற்று. ஏழு ஞாயிறும் கறிச்சோறு ஆறிப்போய்த்தான் சாப்பிட்டார்.

"டீச்சர், இந்தத் தொல்லைக்கு ஒரு முடிவே கிடையாதா?" என்று ஒரு சனிக்கிழமை கேட்டார்.

"ரெண்டு முடிவு இருக்கு அண்ணாச்சி. லைசென்ஸ் வாங்குங்க. இல்லாட்டி, எப்பவுமே இலவசமா குடுக்கிற சாஃப்ட்வேர் இருக்கு. அதுக்கு மாறுங்க."

"எங்க நிர்வாகத்துல வாங்கித் தர மாட்டாங்க. இன்னொரு தடவை மெஷின் நின்னா வேற ஆளைப் பார்த்துக்கிடுவோம்னு மட்டும் சொல்லுதாங்க."

"அப்போ மாறுங்க."

"மாறணும்னா நாலஞ்சு ஞாயித்துக்கிழமை உக்காரணுமே டீச்சர். யாரால முடியும்?"

ஏழு ஞாயிறு உட்கார்ந்த மனிதர் இதைச் சொன்னார். ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே கேள்வியை அவர் நான்காவது முறையாகக் கேட்கிறார், இதே பதிலை ஜெசிந்தாவும் நான்காவது முறையாகச் சொல்கிறார். செவிடன் காதில் ஊதிய சங்கு. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் கோமதிநாயகமே போன் செய்தார். குரலில் அப்படியொரு குஷி.

"டீச்சர், வழியைக் கண்டுபிடிச்சிட்டேன். இனிமே எந்த ஞாயித்துக்கிழமையும் உக்கார வேண்டாம். நேர்ல வந்து பாருங்க."

நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை ஜெசிந்தாவுக்கு இல்லை. இருந்தாலும் பஸ் ஏறி, மதியம் பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

சர்வர் அறையில் கோமதிநாயகம் திரையைத் தொட்டுக் காட்டினார். "நேத்தோட அறுபது நாள் முடிஞ்சிட்டு. ராத்திரி வீட்டுக்குப் போறதுக்கு முன்னால சர்வர்ல தேதியை ஒரு மாசம் பின்னால தள்ளி, போன மாசத் தேதி ஆக்கிட்டேன். இன்னும் முப்பது நாள் இருக்குன்னு அதுவே காட்டுது பாருங்க! அதுவும் முடிஞ்சா இன்னொரு மாசம் தள்ளிரலாம்."

"உள்ள ஓடுற நாலுக்கும் தேதி எங்கருந்து போகுது?"

"இதுலருந்துதான் டீச்சர்."

"அந்த நாலுல என்னென்ன ஓடுது?"

"பில்லு, லேப், மருந்துக்கடை, ரத்த வங்கி."

ஜெசிந்தா எழுந்துவிட்டார். "ரத்த வங்கி எங்க?"

"மாடியில. எதுக்கு டீச்சர்?"

அவர் அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தார். கோமதிநாயகமும் பின்னாலேயே ஓடினார்.

ரத்த வங்கியில் சுபைதா என்ற டெக்னீஷியன் இருந்தாள். கெடு முடிந்த ரத்தப் பைகளின் பட்டியலைக் கம்ப்யூட்டர் தினமும் காலையில் தரும். அதைப் பார்த்து அந்தப் பைகளை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒதுக்குவது அவளுடைய முதல் வேலை.

"இன்னிக்கு ஒதுக்குற பட்டியல் பார்த்தீங்களாம்மா?" என்று ஜெசிந்தா கேட்டார்.

"பார்த்தேன் மேடம். ஒரு பைகூட வரலை. தேதியும் போன மாசத்துத் தேதியா இருந்துச்சு. கோமதி சார் ஏதோ சரி பண்ணுதார் போலன்னு விட்டுட்டேன்."

மேஜைமேல் தட்டில் ஒரு பை தனியாக இருந்தது.

"இது யாருக்கு?"

"சிசேரியன் கேஸ் மேடம். ரெண்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர்ல கேட்டிருக்காங்க. இன்னும் ஒரு மாசம் இருக்குன்னு கம்ப்யூட்டர் காட்டிச்சு."

ஜெசிந்தா பையை எடுத்துக் கோமதிநாயகத்தின் கையில் வைத்தார். அது சில்லென்று இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"நேத்தோட முடிஞ்சிருக்கே..."

"யா அல்லா!" என்று சுபைதா ஃப்ரிட்ஜைத் திறந்து, வேறு பைகளின் லேபிள்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள்.

கோமதிநாயகத்துக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"டீச்சர், நான் அந்த ட்ரையலுக்கு மட்டுந்தானே தேதியைத் தள்ளினேன்..."

ஜெசிந்தா அவரை நிமிர்ந்து பார்த்தார். கத்துவார் என்று சுபைதா எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார்.

"சரி அண்ணாச்சி. இந்த லேபிள்லயும் ஒரு மாசம் தள்ளி எழுதிக் குடுங்க. தியேட்டருக்கு அனுப்பிருவோம்."

கோமதிநாயகம் பேனாவை வாங்கவில்லை.