கார்மேகத்தின் நண்பர்கள்

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில், விலங்குகளுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, பட்டம் வாங்கும் ஆசை காட்டில் மட்டும் இருக்காதா?

அதன் துணைவேந்தர் ஒரு யானை. யானைக்கு மேடை என்றால் உயிர். வாரம் ஒரு முறை மேடையேறித் தும்பிக்கையைத் தூக்கி, "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்!" என்று முழங்கும். அதே வாசகத்தைப் பலகைகளில் எழுதி நுழைவாயிலிலும், வகுப்புகளிலும், தண்ணீர்த் துறையிலும்கூட மாட்டி வைத்திருந்தது.

தொலைவில் ஒரு பொட்டல்வெளி. அங்கிருந்து மருக்கொழுந்து என்ற கீரிப்பெண் இந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தது. அதன் ஊரிலிருந்து மேல்படிப்புக்குப் போன முதல் கீரி அதுதான். "போன இடத்துல நாலு பேரோட பழகிக்கோ" என்று சொந்தக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பழக நாலு பேர் கிடைத்தால்தானே! மதியச் சாப்பாட்டுக்கு நாவல் மரங்களின் கீழே பாறைகள் கிடந்தன. மான்கள் மான்களோடு உட்கார்ந்தன. முயல்கள் முயல்களோடு. குரங்குக் கூட்டத்துக்கு ஒரு பாறை போதவில்லை என்று இரண்டைப் பிடித்துக்கொண்டது. மருக்கொழுந்து எந்தப் பாறையருகே போய் நின்றாலும், "இங்கே ஆள் வருது" என்றார்கள். நாற்பது நாள் ஓடிவிட்டது. "உன் பேர் என்ன?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் ஒரு குரங்கு அதைத் தடுத்து நிறுத்தியது. அந்தக் குரங்குக்கு ஒரு குணம் உண்டு. தனக்குத் தெரியாத ஆள் ஒருவர் இந்தக் காட்டில் இருக்கிறார் என்றால் அதனால் தாங்கவே முடியாது.

"யாரைத் தேடுறேம்மா? இது மாணவர்கள் சாப்பிடுற இடம். வெளியாட்கள் வரக் கூடாது."

"நானும் மாணவிதான். நாற்பது நாளா உங்களுக்குப் பின்னாலதான் உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்ல மருக்கொழுந்து வாயெடுத்தது. சொன்னால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. அழக் கூடாது என்று மேலே பார்த்தது. வானத்தில் ஒரு மேகம் கறுத்து நின்றது.

"கார்மேகத்தைத் தேடி வந்தேன்" என்றது.

"எந்தக் கார்மேகம்?"

"என்ன இப்படிக் கேக்குறீங்க? உங்களை ரொம்ப நல்லாத் தெரியும்னு அவன் சொன்னானே!"

குரங்கின் முகம் ஒரு கணம் சுருங்கியது. மறுகணம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.

"ஓ, நம்ம கார்மேகமா! அவனைத் தெரியாம இருக்குமா? இப்பத்தான் சாப்பிட்டுட்டுப் போறான். சரியான வாயாடி!"

மருக்கொழுந்துக்கு அழுகை எங்கே போனதென்றே தெரியவில்லை. உள்ளுக்குள் ஏதோ குறுகுறுத்தது. 'பொய் சொன்னது நான். அதை ஏன் இது மெய்யாக்குது?'

மறுநாள் முயலிடம் போனது. ஓட்டத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது முயலின் நினைப்பு.

"நேத்து ஓட்டத்துல கார்மேகம் உங்களுக்கு ரெண்டாவதா வந்தானாமே?"

முயல் காதை நிமிர்த்தியது. "ஆமாமா. பாவம், நல்லாத்தான் ஓடினான். கடைசியில மூச்சு வாங்கிடுச்சு."

அடுத்தது மயில். அதுதான் மாணவர் சங்கத் தலைவர். "உங்க தோகையைப் பத்திக் கார்மேகம் ஒரே புகழ்ச்சி" என்று சொன்னதுதான் தாமதம், "அவனுக்கு ரசனை உண்டு. நான்தான் அவனைச் சங்கத்துல சேர்த்தேன்" என்று கழுத்தை நீட்டியது மயில்.

அதற்குப் பிறகு மருக்கொழுந்து வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. கார்மேகம் தானாக வளர்ந்தான். அவன் பாடுவான் என்றது ஒரு மான். அவனுடைய பாட்டைக் கேட்டிருக்கிறேன் என்றது இன்னொன்று. புதியவர்களும் பழையவர்களும் சேர்ந்து உட்காரும் வகுப்பில் கரடி ஆசிரியர் அரைத் தூக்கத்தில் பெயர் கூப்பிடுவார். ஒருநாள், "கார்மேகம்?" என்றார். பட்டியலில் யார் எழுதினார்களோ! "உள்ளேன் ஐயா" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மருக்கொழுந்து சத்தியமாக வாயே திறக்கவில்லை.

அன்று மதியம் ஒரு பாறையின் ஓரத்தில் இடம் காலியாக இருந்தது. மருக்கொழுந்து மெல்ல உட்கார்ந்தது.

"எழுந்திரு, எழுந்திரு. அது கார்மேகத்தோட இடம்" என்றது குரங்கு.

மருக்கொழுந்து நின்றுகொண்டே சாப்பிட்டது. சிரிப்பை அடக்கியதில் நாவல் பழம் தொண்டையில் சிக்கி, கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த நீர் முழுவதும் சிரிப்பினால் வந்ததா என்று கேட்காதீர்கள்.

இப்படி ஒரு மாதம் போனது. ஆண்டு விழா வந்தது. யானை ஓர் அறிவிப்புச் செய்தது: "எல்லோருடனும் கலந்து பழகும் மாணவருக்கு 'ஒரே குடும்பம்' விருது! செண்பகப் பூ மாலை! நீங்களே தேர்ந்தெடுங்கள்!"

தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் கார்மேகத்துக்கே கைதூக்கினார்கள்.

விழா நாள் காலையில் மருக்கொழுந்து துள்ளிக்கொண்டு கிளம்பியது. இன்று நடக்கப்போகும் கூத்தை முன்வரிசையில் இருந்து பார்க்க வேண்டும் என்று அதற்கு அவ்வளவு அவசரம். ஆற்றங்கரையில் ஓர் எறும்புதின்னி மூட்டையும் முடிச்சுமாக நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் வடிந்த பக்கம் பார்த்து அக்கரைக்குப் போக வழி தேடியது.

"விழாவுக்கு வரலையா?" என்று மருக்கொழுந்து கேட்டது.

எறும்புதின்னி திடுக்கிட்டுப் பந்தாகச் சுருண்டது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"நான் ஊருக்குப் போறேன். இனி வர மாட்டேன்."

"ஏன்? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. ரெண்டு வருஷமா ஒண்ணுமே ஆகலை. போன மாசம் மயில் என்னைக் கல்லுன்னு நினைச்சு, மேல ஏறி நின்னு அரை மணி நேரம் பேசிச்சு. நானும் ஒண்ணும் சொல்லலை."

மருக்கொழுந்துக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் எறும்புதின்னி அடுத்ததைச் சொல்லிவிட்டது.

"முன்னெல்லாம் இந்த இடமே இப்படித்தான்னு நினைச்சுப்பேன். ஆனா அந்தக் கார்மேகத்தைப் பாரு. வந்து ஒரு மாசம்தான். ஒருத்தர் விடாம எல்லாரும் அவனுக்கு உயிர் நண்பர்கள். அப்ப குறை இடத்துல இல்லை. என்கிட்டதான் இருக்கு."

மருக்கொழுந்தின் வாலிலிருந்து துள்ளல் எல்லாம் இறங்கிப்போனது. தன் விளையாட்டு இப்படி ஒரு ஆளை மூட்டை கட்ட வைக்கும் என்று அது கனவிலும் நினைக்கவில்லை.

"உங்க பேர் என்ன?" என்று கேட்டது.

சுருண்டிருந்த பந்து கொஞ்சம் விரிந்தது. ஒரு மூக்கு வெளியே வந்தது. "சடையன்."

"சடையண்ணே, நான் மருக்கொழுந்து. ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. கார்மேகம்னு ஒருத்தன் கிடையாது. நான் விட்ட கதை."

சடையன் அதை வெறித்துப் பார்த்தது. "குரங்கு அவனோட தினம் சாப்பிடுதே?"

"அதுவும் கதை."

"முயல் அவனோட ஓடிச்சே?"

"தனியா ஓடிச்சு."

சடையனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அப்புறம் சிரித்தது பாருங்கள், செதில்கள் எல்லாம் கலகலவென்று குலுங்கின. இரண்டு வருஷத்துச் சிரிப்பும் மொத்தமாக வந்தது.

"அண்ணே, ஒரே ஒரு நாள் இருந்துட்டுப் போங்க. மேடையில கார்மேகம்னு கூப்பிட்டதும் நீங்க போய் நில்லுங்க. அதுக்கப்புறம் உங்க வாயில என்ன வருதோ சொல்லுங்க" என்றது மருக்கொழுந்து.

சடையன் மூட்டையை ஒரு புதரடியில் வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தது.

மைதானம் நிறைந்திருந்தது. யானை முழங்கியது. "நமது குடும்பத்தின் செல்லப்பிள்ளை கார்மேகம், மேடைக்கு வருக!"

யாரும் வரவில்லை. எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"கூச்சம் போலிருக்கு. நண்பர்கள் யாராவது கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆள் எப்படி இருப்பார்?" என்று யானை கேட்டது.

"நீளமான வால்!" என்றது குரங்கு.

"வாலா? குட்டை வால், நீளமான காது!" என்றது முயல்.

"காதா? சிறகு இருக்கும் அவனுக்கு!" என்றது மயில்.

"உனக்கு அவனைத் தெரியுமா?", "உன்னைவிட எனக்குத்தான் தெரியும்!" என்று மூன்றும் மல்லுக்கு நின்றன. அந்த நேரம் பார்த்துச் சடையன் மெல்ல மேடையேறியது.

"நான்தான் கார்மேகம்."

அடுத்த கணம் குரங்கு பாய்ந்து வந்து கட்டிக்கொண்டது. "நான் சொல்லலை? இவன்தான் என் உயிர் நண்பன்!"

"ஓட்டத்துல ரெண்டாவது வந்தது இவன்தான்!" என்று முயல் குதித்தது.

"சங்கத்துல சேர்த்ததே நான்தான்!" என்று மயில் தோகையை விரித்தது.

சடையன் குரங்கின் கையைப் பொறுமையாக எடுத்துவிட்டது. "இல்லை. என் பேர் சடையன். ரெண்டு வருஷமா உங்க வகுப்புலதான் படிக்கிறேன். இதுவரைக்கும் நீங்க யாரும் என்னோட பேசினதில்லை. கார்மேகம்னு யாரும் கிடையாது."

மயிலின் தோகை தானாக மடங்கியது. முயல் காதால் கண்ணை மூடிக்கொண்டது. குரங்கு மெல்ல நழுவி யானையின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"யார் செய்த வேலை இது?" என்று யானை பிளிறியது.

இன்றோடு படிப்பு போயிற்று என்று மருக்கொழுந்து நினைத்தது. ஆனாலும் எழுந்து நின்றது.

"நான்தான் ஐயா. நாற்பது நாளா என் பேரை யாரும் கேக்கலை. இல்லாத ஒருத்தன் பேரைச் சொன்னேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க."

"உன் பெயர்..." என்று தொடங்கிய யானை நிறுத்தியது. அதற்கும் தெரியாதே! தொண்டையைச் செருமிக்கொண்டது. "இது குறித்து ஆராய ஐவர் குழு அமைக்கப்படும்!" என்று அறிவித்துவிட்டு, மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டது. அந்தக் குழு இன்னும் கூடவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு குரங்கு தலையைச் சொறிந்துகொண்டு வந்தது.

"இந்தாம்மா, உன் பேர் என்ன?"

"மருக்கொழுந்து."

"அடேயப்பா, நீளமா இருக்கே."

"சொல்லச் சொல்லப் பழகிடும்."

"நீங்க எந்த ஊர்?" என்று முயல் சடையனிடம் கேட்டது. கேட்டிருக்க வேண்டாம். சடையன் தன் ஊர், ஊர்ப் புற்று, புற்றில் எத்தனை வகைக் கறையான் என்று தொடங்கிப் பொழுது சாயும்வரை சொன்னது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

பத்து நாள் கழிந்தது. ஒரு காலை வகுப்பில் கரடி ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு பெயர் கூப்பிட்டார். "சடையன்?"

பின்வரிசையிலிருந்து பதில் குரல் எதுவும் வரவில்லை. முயல் எழுந்தது.

"ஐயா, சடையனைக் காணோம்!"

அனுமதிகூடக் கேட்காமல் ஓடியது. அதன் பின்னால் குரங்கு, குரங்கின் பின்னால் மருக்கொழுந்து. ஆற்றங்கரையில் தேடினார்கள், புதர்களில் தேடினார்கள். கடைசியில் ஒரு புற்றுக்குள் தலையை விட்டு, உலகத்தையே மறந்து கறையான் தின்றுகொண்டிருந்தது சடையன்.

"சொல்லிட்டு வரக் கூடாதா? அங்கே வகுப்பே காத்துக்கிட்டு இருக்கு!" என்று முயல் மூச்சிரைக்கக் கத்தியது.

யார் அருகில் வந்தாலும் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சடையன் இப்போது தலையைக்கூட வெளியே எடுக்கவில்லை.

"வரேன், வரேன். கத்தாதே. இன்னும் ரெண்டு வாய்தான்" என்றது.

நீதி: 'நாமெல்லாம் ஒன்று' என்று பலகை மாட்டினால் உறவு வந்துவிடாது, பக்கத்தில் இருப்பவரின் பெயரைக் கேட்டு, அவர் வராத நாளில் தேடிப் போனால்தான் வரும்.