ஒத்தப்பனையிலிருந்து வந்த தாள்கள்

மாலை ஐந்து ஐம்பது. இறந்தவர்கள் ஏழு பேர். அதில் ஒரு பெயர்தான் அலுவலகத்துக்குத் தெரிந்திருந்தது: பால்வண்ணன்.

ஒத்தப்பனை பட்டாசு ஆலையில் மதியம் மருந்துக் கலவை அறை வெடித்து ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். செய்தி சேகரிக்கப் போன பால்வண்ணன், அடுத்த அறை வெடித்தபோது இறந்தார். பதினொரு வருடமாக அந்தப் பகுதிக்கு இந்தப் பத்திரிகையின் நிருபர் அவர்தான். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

அன்று முதல் பக்கம் உலகநாதன் பொறுப்பு. நாற்பத்தேழு வயது. பிழை திருத்துபவராகச் சேர்ந்து, மாவட்டச் செய்திகளில் எது வரலாம், எது வேண்டாம் என்று பிரிக்கும் மேசைக்கு வந்தவர். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் செய்தி ஆசிரியர் ஜெபமணி. உலகநாதனைவிட ஆறு வயது இளைய பெண். கேள்வி கேட்டால் ஜெபமணி பதில் சொல்ல மாட்டார், ஒரு வேலை கொடுப்பார். வேலை முடியும்போது பதில் தானாகக் கிடைத்துவிடும். 'டீச்சர் வர்றாங்க, சிலேட்டை எடு' என்று அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் கண்டுகொள்வதில்லை.

பக்கத்தின் மேல்பாதி முழுவதும் பால்வண்ணனுக்கு என்று ஆசிரியர் அறையிலிருந்து உத்தரவு வந்தது. கறுப்புக் கட்டம், பெரிய படம், வாழ்க்கைக் குறிப்பு, உருகிப்போன கேமராவின் படம். ஆறரைக்குள் இரங்கல்கள் குவிந்தன. மந்திரி, எதிர்க்கட்சி, பத்திரிகையாளர் சங்கம். போட்டிப் பத்திரிகைகளும் முதல் பக்கத்தில்தான் போடுகின்றன என்று தெரிந்ததும் இன்னும் இரண்டு பத்தி சேர்க்கச் சொன்னார்கள். பட்டாசு ஆலை உரிமையாளர்கள் சங்கமும் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்திருந்தது. அதுவும் கட்டத்துக்குள் போனது.

ஆறு தொழிலாளர்களுக்குக் கடைசியில் ஒரு வரி கிடைத்தது.

ஆறே முக்காலுக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர் பெயர் காளிராஜ். அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ரூபாய் பூத்திலிருந்து பேசினார். மனைவி சீனியம்மாள் இறந்த ஆறு பேரில் ஒருத்தி. ஆலையின் வருகைப் பதிவேட்டில் நான்கு பெயர்தான் இருக்கிறது, அதில் அவள் பெயர் இல்லை, மற்ற இரண்டு பேர் எங்கள் ஆட்களே இல்லை, விறகு பொறுக்க வந்தவர்கள் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டாராம். போலீஸ் பட்டியலிலும் நான்கு பேர்தான். ஐந்து வருடம் திரி வெட்டின கை சார் என்று அவர் சொன்னார். குரல் உயரவில்லை.

"போலீஸ்ல சொல்லுங்களேன்" என்றார் உலகநாதன்.

"சொன்னேன் சார். பேப்பர்ல வரட்டும் பாப்போம்கிறாங்க."

போலீஸ் பட்டியலில் வரட்டும் பார்ப்போம் என்பதுதான் பத்திரிகையின் விதி. பழைய அவதூறு வழக்கு ஒன்றுக்குப் பிறகு வந்தது. ஓர் ஆலையின் பெயரோடு ஒருவர் பெயரைச் சேர்க்க வேண்டுமானால் போலீஸ் பட்டியல் வேண்டும், இல்லையென்றால் நிருபர் எழுதி அனுப்பிய தாள் கையில் வேண்டும். வாய்ச்சொல் ஆகாது.

"பால்வண்ணன் சார் போன வருசம் வீடு வீடா வந்து எல்லார் பேரையும் எழுதிட்டுப் போனாரு. இவ பேரையும்தான். உங்க ஆபீஸ்ல இருக்கும் சார்."

ஏழரைக்கு மறுபடி கூப்பிடச் சொல்லிவிட்டு உலகநாதன் எழுந்து ஜெபமணியின் மேசைக்குப் போனார். ஜெபமணி பக்கத்தின் அச்சுப்படியில் கமா திருத்திக்கொண்டிருந்தார். பால்வண்ணனை வேலைக்கு எடுத்தவர் அவர்தான்.

"ஒரு சந்தேகம் மேடம்."

"கேளுங்க சார்."

"நம்ம ஆள் செத்தா அரைப் பக்கம். ஆறு பேர் செத்தா ஒரு வரி. நாமளே எழுதுறோம், நமக்கே எழுதிக்கிறோம். இது அதிகம் இல்லையா?"

ஜெபமணி பேனாவை மூடி வைத்தார்.

"ஒத்தப்பனை ஃபைலை எடுத்துட்டு வாங்க."

அது மேற்கு ஜன்னலை ஒட்டிய அலமாரியில் இருந்தது. வெயில் விழும் இடம். மாவட்டங்களிலிருந்து ஃபேக்ஸில் வரும் தாள்களில், அச்சுக்குப் போகிறவற்றை மட்டும் ஜெராக்ஸ் எடுப்பார்கள். மற்றவற்றை அப்படியே ஃபைலில் குத்தி வைப்பார்கள். எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்தால் மெஷின் தாங்காது என்று சொன்னது உலகநாதன்தான். நல்ல யோசனை என்று அன்று பாராட்டும் கிடைத்தது.

ஃபைல் கனமாக இருந்தது. திறந்தார்.

"படிங்க" என்றார் ஜெபமணி.

முதல் தாள் வெறுமையாக இருந்தது. புரட்டினார். இரண்டாவதும் அப்படியே. வழவழப்பான, ஓரம் சுருண்ட, பழுப்பேறிய தாள்கள். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். எறும்பு ஊர்ந்த தடம்போல் ஏதோ தெரிந்தது. எழுத்தாகத் தேறவில்லை; வெயில் பட்டு ஃபேக்ஸ் எழுத்து முழுக்க மங்கிவிட்டிருந்தது. பின்புறம் போன நவம்பர் தேதி முத்திரையிட்ட ஒன்பது தாள்களை ஒரே ஊசியில் குத்தியிருந்தார்கள். பதிவேட்டில் இல்லாத பெண்கள் என்று தலைப்பு வைத்து பால்வண்ணன் அனுப்பியது. வரிசையாகப் பெயர்கள் இருந்தது அவருக்கு நினைவு வந்தது. ஒரு பெயரும் நினைவு வரவில்லை.

"ஒண்ணும் இல்லையே மேடம்."

"மேல் ஓரத்தைப் பாருங்க."

ஒவ்வொரு கட்டின் முதல் தாளிலும், வலது மூலையில், நீல பால்பாயிண்டில் எழுதியது மங்காமல் இருந்தது. 'இடமில்லை. உ.நா.' அதற்குக் கீழே சிவப்பில் ஒரு டிக்கும் 'ஜெ' என்ற ஒற்றை எழுத்தும். உலகநாதன் எல்லாவற்றையும் புரட்டினார். அந்த நீலக் கையெழுத்து அவருடையதுதான். அப்போது அது கொஞ்சம் அழகாகவே இருந்திருக்கிறது.

மாதம் ஒருமுறை பால்வண்ணன் தொலைபேசியில் வம்புக்கு இழுப்பார். உங்க பேப்பர்ல இடம் கிடைக்கணும்னா ஒண்ணு மந்திரியா இருக்கணும், இல்ல நகைக்கடை வெச்சிருக்கணும்ணே என்பார். நீ ஒரு நகைக்கடை திறவேன் என்பார் உலகநாதன். இருவரும் சிரிப்பார்கள். அடுத்த வாரம் இன்னொரு ஃபேக்ஸ் வரும்.

"அவர் வீட்டுல நோட்டு இருக்காதா?"

"நோட்டை எப்பவும் சட்டைப் பையிலதான் வெச்சிருப்பார்" என்றார் ஜெபமணி.

மணி ஏழு இருபது. உலகநாதன் அச்சுப்படியை இழுத்து, ஆலை உரிமையாளர்கள் சங்கத்தின் இரங்கலை அடித்தார். ஐந்து வரி காலியானது. அந்த இடத்தில் சீனியம்மாள் என்று எழுதினார். எழுதி முடித்துப் பார்த்தார். ஜெபமணியும் பார்த்தார்.

"தாள் கையில இருக்கா சார்?"

"இருக்கு" என்று உலகநாதன் அந்த ஒன்பது வெற்றுத் தாள்களையும் எடுத்துக் காட்டினார்.

ஜெபமணி அவற்றை வாங்கி, ஓரம் தட்டி நேராக்கி, திருப்பிக் கொடுத்தார். உலகநாதன் தான் எழுதிய பெயரைத் தானே அடித்தார். பிழை திருத்துபவராக இருந்த பழக்கம், ஒரே கோட்டில் நேராக அடித்தார்.

பிறகு பக்கத்தைக் காட்டி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்ப இந்த அரைப் பக்கம்?"

"அது பால்வண்ணன் பதினொரு வருசமா கேட்ட இடம்தான் சார். அவருக்குன்னு கேக்கல."

மேசையில் தொலைபேசி அடித்தது. உலகநாதன் எடுத்துக் காதில் வைத்தார். பின்னால் ஆஸ்பத்திரி வாசலின் இரைச்சல் கேட்டது.

"சார், கிடைச்சுதா?" என்றார் காளிராஜ்.

உலகநாதன் அந்த ஒன்பது தாள்களையும் மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு ரூபாய்க்கான நேரம் முடிந்து இணைப்பு தானாகத் துண்டிக்கப்பட்டது.

ஐந்து மாதம் கழித்து, 2004 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை, அதே ஆலையில் மீண்டும் வெடித்தது. நான்கு பேர் இறந்தார்கள். ஏழாம் பக்கத்தில் பதினொரு வரி வந்தது. தகவல் போலீஸ் தரப்பிலிருந்து கிடைத்தது. ஒத்தப்பனைக்கு நிருபர் இன்னும் போடப்படவில்லை.