காக்கை பகிர்ந்த கடவுச்சொல்

பெருங்குளத்துக் காட்டில் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் ஒரு கல்லூரி இருந்தது. அங்கே ஒரு கம்ப்யூட்டர் அறை. அதற்குப் பொறுப்பு உடும்பையா. அவர் ஒரு விதியைப் பிடித்தால் பிடித்ததுதான், யானை வந்து இழுத்தாலும் விடமாட்டார்.

"ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அதைப் பெத்தவங்ககிட்டகூடச் சொல்லக்கூடாது. வெளியூர்க்காரங்க வந்தா என்கிட்ட பேர் கொடுத்துத் தனியா வாங்கிக்கட்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். மையழகி என்ற காக்கையும் ஆட்டினாள். ஆனால் பாவம், காக்கைக்கு இதெல்லாம் ஆகிற காரியமா? ஒரு பருக்கை கிடைத்தாலும் ஊரையே கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பிடுகிற குலம். ஒளித்து வைத்துக்கொண்டாள் என்று பேர் வந்துவிட்டால், அப்புறம் கிளையில் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

அந்தக் கல்லூரியில் மையழகிக்கு உயிர் என்றால் அது சோலைதான். சோலை ஒரு குயில். மையழகியின் கூட்டிலேயே பொரிந்து வளர்ந்தவள். குயில் குஞ்சு என்று தெரிந்த பிறகும் மையழகியின் அம்மா இருவருக்கும் ஒரே மாதிரிதான் ஊட்டினாள். "அக்கா, அக்கா" என்று சோலை பின்னாலேயே வருவாள். கல்லூரியிலும் ஒரே பெஞ்சு. தன்னை யாராவது 'ஒட்டுண்ணி' என்று சொல்லிவிடுவார்களோ என்று சோலைக்கு உள்ளுக்குள் ஒரே பயம். அக்கா பக்கத்தில் இருந்தவரை யாரும் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் டவுன் பஸ் ஸ்டாண்டிலிருந்து சித்தப்பா கருத்தமுத்து வந்து இறங்கினார்.

"ஏம்மா, உங்க காலேஜ்ல நெட்டு சும்மா பறக்குதாமே? ஒரு படம் பாக்கணும். பாஸ்வேர்டைச் சொல்லு."

"உடும்பையாகிட்ட பேர் கொடுங்க சித்தப்பா. உங்களுக்குன்னு தனியா தருவாரு."

"அண்ணன் மக நீ இருக்கும்போது, நான் போய் அந்த ஆள்கிட்ட கையேந்தணுமா?" சித்தப்பா அலகை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "சரி விடு. நீ படிச்ச பிள்ளை. இனிமே நாங்கள்லாம் யாரோ எவரோ."

மையழகிக்கு மனசு கேட்கவில்லை. காதோடு காதாகச் சொல்லிவிட்டாள். சித்தப்பா என்ன செய்தார்? காக்கை செய்வதைத்தான் செய்தார். கூரைமேல் ஏறி நின்று, "எல்லாரும் வாங்க, நெட்டு கிடைச்சிருக்கு" என்று கத்தித் தீர்த்தார்.

வந்தது பார் கூட்டம்! ஒருத்தர் சண்டைப் படம் பார்த்தார். ஒருத்தர் மச்சான் கல்யாண வீடியோவை இறக்கினார். கீபோர்டு பூராவும் முறுக்குத் தூள். பரீட்சைக்குப் படிக்க வந்த அணிலுக்குப் பாடம் திறக்கவே இல்லை. மானுக்குப் பாதிப் பக்கம் வந்து அப்படியே நின்றுபோனது. "இந்த நெட்டுக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று அவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

படம் முடிந்ததும் சித்தப்பாவுக்குப் பொழுது போகவில்லை. மையழகியின் கணக்கிலிருந்து கல்லூரி முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று கண்டுபிடித்துவிட்டார். உடனே தட்டினார்: 'கூடு கட்டத் துப்பில்லாத குயில்களே! எங்கள் சோற்றைத் தின்று வளர்ந்த உங்களுக்குப் பாட்டு ஒரு கேடா?'

அதன் கீழே மையழகியின் பெயர் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலையில் பெஞ்சில் சோலை இல்லை. கடைசி வரிசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

சோலை அந்தச் செய்தியைக் காட்டினாள். மையழகி அதைப் படித்தாள். நேரே சித்தப்பாவிடம் பறந்தாள்.

"ஏன் சித்தப்பா இப்படிப் பண்ணீங்க?"

"சும்மா ஒரு தமாசுக்கும்மா."

"நீங்கதான் எழுதினீங்கன்னு சோலைகிட்ட வந்து சொல்லுங்க."

"நான் எதுக்குச் சொல்லணும்? என் பேரா போட்டிருக்கு?" என்றார் அந்த மகராசன். பிறகு டவுன் பஸ் மேலே ஏறி உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

உடும்பையா கூப்பிட்டு விட்டார்.

"நான் எழுதலைங்கய்யா" என்றாள் மையழகி.

"பாஸ்வேர்டைக் கொடுத்தது யாரு?"

"நான்தான்."

"அப்போ பதில் சொல்ல வேண்டியதும் நீதான்." பருவம் முடியும்வரை அவள் கணக்கை மூடிவிட்டார்.

மையழகி குயில்கள் எல்லாரையும் தேடிப் போய் நின்றாள். "அதை எழுதினது நான் இல்லை. ஆனா கதவைத் திறந்து விட்டது நான். தப்பு என்மேலதான்" என்றாள். மற்றக் குயில்கள் சரி சரி என்றன. சோலை மட்டும் சொன்னாள்: "நீ எழுதலைன்னா சந்தோஷம். ஆனா கண்ணை மூடினா உன் பேர்தான் தெரியுது."

அவள் அக்கா என்று கூப்பிடவில்லை. பழைய பெஞ்சுக்கும் வரவில்லை.

அடுத்த பருவத்தில் கணக்கைத் திறந்து புதுப் பாஸ்வேர்டு கொடுத்தார்கள். கொடுத்த கையோடு அம்மாவே வகுப்புக்கு வந்துவிட்டாள், பின்னால் பெரியம்மா, அத்தை, மாமா என்று ஒரு பட்டாளம்.

"சித்தப்பனுக்குக் கொடுத்தியாமே. பெத்தவளுக்குக் கிடையாதா?"

உறவு பூராவும் மையழகியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கொடுக்க மாட்டேம்மா. உடும்பையாகிட்ட பேர் கொடுத்தா உனக்கே ஒண்ணு தருவாரு. நானே கூட்டிட்டுப் போறேன்."

"பாத்தியா, படிச்ச திமிரை" என்றாள் அத்தை.

"நாலு பேர் முன்னாடி என்னை அவமானப்படுத்துறியா?" அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கடைசி வரிசைப் பக்கம் திரும்பினாள். "சோலை, நீயாவது இவளுக்கு எடுத்துச் சொல்லுடி."

சோலை எழுந்து வந்தாள். அம்மாவின் சிறகைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா சொல்றதுதாம்மா சரி. வா, உன்கூட நானும் வரிசையில நிக்கிறேன்."

அம்மா முணுமுணுத்துக்கொண்டே போனாள். திரும்பி வந்த சோலை தன் பையை எடுத்து மையழகி பக்கத்தில் வைத்தாள். "தள்ளி உக்காருக்கா" என்றாள்.

உன் கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுத்தால் அவர்கள் செய்வதெல்லாம் உன் பெயரில்தான் நடக்கும். ஆகவே கேட்பவர் எத்தனை நெருங்கிய சொந்தமானாலும் அதைக் கொடுக்காதே.