மண்டபத்துக்கு இஞ்சிச் சாறு

ரொம்பக் காலத்துக்கு முன்னே கொன்றைநாட்டை வல்லபமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் அவன் நினைத்தது நினைத்தபடி நடக்க வேண்டும். நடக்காவிட்டால் மழையிடம்கூடக் கோபித்துக்கொள்வான். அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவுக்கு உடம்பு சரியில்லை என்று சபையில் தெரிந்துவிட்டால், குணமாகும்வரை கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும். வல்லபமாறனோ குளிக்கும்போதே அதை மனசில்லாமல் கழற்றுகிறவன்.

புதிதாகக் கட்டிய கொலுமண்டபத்தில் உட்கார ஆரம்பித்ததிலிருந்து அவனுக்குத் தலை சுற்றியது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். எட்டாம் நாள் விதானத்தில் எழுதியிருந்த தாமரை கிறுகிறுவென்று சுழன்றது, வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. சிம்மாசனத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, "இந்த மண்டபம் சுற்றுகிறது" என்று சொல்லிவிட்டான். எனக்குச் சுற்றுகிறது என்பதைவிட அது சுலபமாக இருந்தது, பாவம்.

அரண்மனை அதிகாரி விருத்தகிரி சட்டென்று ஒரு தூணைக் கட்டிக்கொண்டார். மண்டப வேலை தன் மச்சானுக்குக் கிடைக்கவில்லை என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு.

"ஆமாம் பிரபு, எனக்கும் நேற்றிலிருந்தே தெரிகிறது. எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன்."

அதிகாரியே சொன்ன பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு தூணைப் பிடித்தார்கள். தூண் கிடைக்காதவர்கள் பக்கத்தில் நின்றவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். ராஜாவுக்கு அப்பாடா என்று இருந்தது. இத்தனை பேருக்கும் சுற்றுகிறதென்றால் நமக்கு நோயில்லை என்று அவனே நம்பிவிட்டான்.

"கட்டின நாகலிங்க ஆசாரி அஸ்திவாரத்தில் கோட்டை விட்டிருக்கிறான்" என்றார் விருத்தகிரி. "மண்டபத்தை இடித்துவிட்டு, அவனைக் குடும்பத்தோடு நாடு கடத்த வேண்டும்."

பத்து வருஷம் கல்லோடு கல்லாகக் கிடந்த மனுஷர் நாகலிங்க ஆசாரி. சபையின் ஓரத்தில் கைகூப்பி நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க ராஜாவுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தலையசைக்கப் போனான். அப்போது மடைப்பள்ளியை நடத்துகிற செங்கமலம் உள்ளே வந்து கும்பிட்டாள்.

ராஜாவுக்குப் பகீரென்றது. ஒரு வாரமாக அவன் தட்டு வைத்தது வைத்தபடி திரும்பிப் போவது அவளுக்குத் தெரியும். இவள் வாயைத் திறந்தால் கிரீடம் போச்சு என்று நினைத்தான்.

அவளோ, "மகாராஜா சொல்வது சரிதான். மண்டபத்துக்குப் பித்தம் ஏறியிருக்கிறது" என்றாள். "இடிக்க வேண்டாம், ஏழு நாள் மருந்து கொடுத்தால் நின்றுவிடும்."

விருத்தகிரி சிரித்தார். "கல்லுக்கு எந்த வாயில் மருந்து ஊற்றுவாய்?"

"பால்குடிக் குழந்தைக்கு வயிறு சரியில்லையென்றால் மருந்து குடிக்கிறது யாருங்க? தாய்தானே? பத்தியம் இருக்கிறதும் அவள்தானே? மண்டபம் மகாராஜா பெற்ற பிள்ளை மாதிரி. அவர் குடித்தால் அதற்குப் போய்ச் சேரும்."

"நிற்காவிட்டால்?"

"ஆசாரி வண்டியிலேயே நானும் ஏறிப் போய்விடுகிறேன்."

ராஜா அவளைப் பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை. மண்டபத்துக்காகத்தானே, குடித்தால் குறைந்தா போய்விடுவோம் என்று ஒப்புக்கொண்டான்.

மறுநாள் காலையிலிருந்து செங்கமலம் இஞ்சியைத் தோல் சீவி, இடித்துப் பிழிந்து, கொஞ்ச நேரம் அசையாமல் வைப்பாள். அடியில் வெள்ளையாக வண்டல் தங்கும். அதை விட்டுவிட்டு மேலே தெளிந்த சாற்றை மட்டும் இறுத்து, தேன் கலந்து, குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடைக் கிண்ணத்தில் கொடுப்பாள். மாலையில் வறுத்த மல்லியும் சீரகமும் கொதித்த கஷாயம். புளியும் எண்ணெய்ப் பலகாரமும் கூடாது, மண்டபத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் ராஜா இரண்டாம் தடவை ரசம் கேட்டான். ஐந்தாம் நாள் குனிந்து தானே செருப்பு மாட்டினான்.

ஏழாம் நாள் சபை கூடியது. வெளியே ஆசாரியின் சாமான்களை ஏற்றி வண்டி தயாராக நின்றது. ராஜா அண்ணாந்து பார்த்தான். தாமரை இதழ் இதழாக இருந்த இடத்தில் இருந்தது. என்ன அழகான தாமரை என்று முதல் தடவையாகத் தோன்றியது. சொல்ல வாயெடுத்தான்.

"முதலில் சபையைக் கேளுங்கள், மகாராஜா" என்றாள் செங்கமலம்.

விருத்தகிரி காத்துக்கொண்டிருந்தவர்போலத் தூணில் சாய்ந்தார். "பிரபு, முன்னைவிட வேகமாகச் சுற்றுகிறது. எனக்கு நிற்கவே முடியவில்லை." சபை முழுக்கத் தூண்களுக்கு ஓடியது.

அசையாத மண்டபத்தில் அத்தனை பெரிய மனிதர்களும் ஆடுவதைப் பார்த்தான் ராஜா. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து, தன் கையாலேயே கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஆசாரியின் முன்னால் போய் நின்றான்.

"ஆசாரியாரே, சுற்றியது என் தலை. பழியை உம் கல்லின்மேல் போட்டேன். என்னை மன்னிக்க வேண்டும். வண்டியை அவிழ்க்கச் சொல்லும்."

ஆசாரிக்கு அழுகைதான் வந்தது. ராஜா திரும்பினான்.

"விருத்தகிரி, உமக்கு இன்னும் சுற்றுகிறதாமே. இவ்வளவு தலைசுற்றலோடு பதவி பார்க்கலாமா? வீட்டுக்குப் போய்ப் படும். இஞ்சிச் சாறு வரும், தேன் இல்லாமல்."

"இப்போது நின்றுவிட்டது, பிரபு" என்றார் விருத்தகிரி. யாரும் காதில் வாங்கவில்லை.

பிறகு ராஜா செங்கமலத்தைக் கைகூப்பிக் கும்பிட்டான். "அம்மா, நோய் என்னுடையது என்று அன்றைக்கே உனக்குத் தெரியும். சபை நடுவே என்னைத் தலைகுனிய வைக்காமல் குணப்படுத்தினாய். இந்த நன்றியை நான் மறக்கமாட்டேன். அந்த அதிகாரி ஆசனம் இனி உனக்கு."

"எனக்கு எதற்குங்க அதெல்லாம்?" என்று அவள் பின்வாங்கினாள்.

"நான் மயங்கி விழுந்திருந்தால், மரியாதைக்கு இவர்கள் எல்லோரும் கூடவே விழுந்திருப்பார்கள். தூக்கிவிட ஒரு ஆள் வேண்டாமா? நீ இங்கே இரு, தாயே" என்றான் ராஜா. சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது.