ஆவுடை இரவல் கொடுத்த நிழல்

அந்தக் காலத்தில், ஆடும் மாடும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், நிழல்கள் யாருடைய காலிலும் ஒட்டியிருக்கவில்லை. அவரவர் நிழல் அவரவர் கூடவே நடந்து வந்தது, அவ்வளவுதான். காலையானாலும் உச்சியானாலும் அது ஆள் உயரத்துக்கே இருந்தது. வேண்டுமென்றால் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ளலாம். களையெடுத்துவிட்டு வந்தவர்கள் அதில் ஒட்டிய புழுதியை உதறிக் கொடியில் போடுவார்கள். வெயில் ஏறினால் நான்கு கம்பை ஊன்றி மேலே விரித்து, அதன்கீழ் உட்கார்ந்து கஞ்சி குடிப்பார்கள். பொழுது சாய்ந்ததும் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். இரவு என்பதே எல்லோருடைய நிழலும் ஒன்றோடொன்று சேர்ந்து விரிந்து கிடப்பதுதான்.

ஒன்றை மட்டும் யாரும் செய்ய மாட்டார்கள். நிழலை இரவல் தர மாட்டார்கள். நிழலைக் கொடுத்தவர் பொழுது சாயும்போதே கரையத் தொடங்குவார்; அது இல்லாமல் இரவைக் கடந்தால் பனியாகிவிடுவார். விடிந்ததும் வெயில் அவரைக் குடித்துவிடும்.

இது ஆவுடைக்கும் தெரியும்.

ஆவுடை கிடை போடுகிற வீட்டுக்காரி. அறுப்பு முடிந்த வயல்களில் இரவெல்லாம் ஆடுகளை அடைத்து வைத்தால் மண்ணுக்கு உரமாகும். அதற்காக வயல் வயலாக மந்தையை ஓட்டிக்கொண்டு போவதுதான் அவர்கள் பிழைப்பு. அந்த மாசியில் அவளும் அவள் நாத்தனார் இருளாயியும் ஆற்றுப்பக்கத்து வயல்களை நோக்கி மந்தையை ஓட்டிக்கொண்டு நடந்தார்கள். வழியில் ஒரு பெரிய பொட்டல். மரமில்லை, புதரில்லை. மண் சூளையில் வெந்த ஓடு போலச் சிவந்து கிடந்தது.

அந்தப் பொட்டலின் நட்டநடுவில் செவலை என்ற சினையாடு படுத்துவிட்டது.

"இங்கேயா?" என்றாள் இருளாயி. "இன்னும் கொஞ்ச தூரத்துல ஆலமரம் இருக்கு. அங்க வந்து ஈனக் கூடாதா?"

"உன்னைக் கேட்டுக்கிட்டா வலி வருது?" என்றது செவலை. "உனக்கு ஒரு கல்யாணம் ஆகட்டும், அப்புறம் வந்து பேசு."

குட்டி விழுந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பிறந்த குட்டிக்கு உடனே நிழல் வந்துவிடாது. தொப்புள்கொடி காய்ந்து விழுந்த பிறகு, ஏதோ ஒரு விடியலில், பக்கத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிதாக முளைத்திருக்கும். அதுவரை தாயின் நிழல்தான் துணை. செவலை தன் நிழலை இழுத்துக் குட்டியை மூடிப் பார்த்தது. ஆட்டு நிழல் எத்தனை முள்ளில் மாட்டியிருக்கும், எத்தனை வேலியில் கிழிந்திருக்கும். ஓட்டை ஓட்டையாக வெயில் உள்ளே இறங்கியது. குட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

"தூக்கிட்டுப் போயிடலாமா?" என்றாள் இருளாயி.

"ஈரம் காயாத குட்டி. மரத்தடிக்குப் போய்ச் சேராது," என்றாள் ஆவுடை. தோளில் கிடந்த நிழலை எடுத்தாள்.

"மதினி, வேண்டாம். நான் எங்க அண்ணன்கிட்ட என்னன்னு சொல்லுவேன்? உன் பெண்டாட்டி பனியாப் போயிட்டா, செம்புல பிடிச்சுக் கொண்டாந்திருக்கேன்னா?"

"பொழுது சாயறதுக்குள்ள எடுத்துக்கப் போறேன். சும்மா இரு."

மனித நிழல் நெருக்கமாக நெய்யப்பட்டது. விரித்ததும் குட்டியின்மேல் குளிர்ச்சி இறங்கியது. ஆனால் செவலை கிட்டே வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது.

"இது என் பிள்ளை இல்லை. புளிச்ச கஞ்சி வாடை அடிக்குது," என்று தலையைத் தாழ்த்தி முட்ட வந்தது.

தாய் ஏற்க மறுக்கிற குட்டியை ஏற்க வைக்க ஆடு மேய்ப்பவர்களிடம் ஒரு வழி உண்டு. தாயின் பாலையே பீய்ச்சிக் குட்டியின்மேல் தடவிவிடுவார்கள். ஆவுடையின் கை எத்தனையோ முறை செய்த வேலை. மனம் யோசிப்பதற்குள் கை செய்துவிட்டது. செவலையின் மடியில் சீம்பால் கறந்து, தன் நிழலுக்குத் தலையிலிருந்து கால்வரை பூசிவிட்டாள்.

செவலை மறுபடி முகர்ந்தது. பிறகு குட்டியை நக்கிக் கொடுத்தது. நிழலையும் நக்கிக் கொடுத்தது.

நிழல் ஒருமுறை சிலிர்த்தது. பிறந்தது முதல் மிதிபட்டும் உதறப்பட்டும் கொடியில் தொங்கியும் வந்த நிழல் அது. நாக்கின் சூடு அதற்குப் புதிது. அது குட்டியின் பக்கத்தில் மெல்ல முழங்காலை மடித்துக்கொண்டது. இதை ஆவுடை பார்க்கவில்லை. சிதறிய ஆடுகளை மடக்கப் போயிருந்தாள்.

மாலையில் குட்டி எழுந்து நின்றது. ஆவுடை வந்து, "போதும், வா," என்று நிழலைக் கூப்பிட்டாள்.

"ம்மே," என்றது நிழல்.

இருளாயி சிரித்தாள். சிரித்துக்கொண்டே மதினியைத் திரும்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆவுடையின் உடம்புக்குள்ளே, தண்ணீருக்குள் தெரிவதுபோல, சிவந்த சூரியன் தெரிந்தது. அவள் முடி நுனிகளில் துளித்துளியாக ஈரம் கோத்திருந்தது.

ஆவுடை குனிந்து நிழலின் கால்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். தலைப்பக்கம் செவலையின் மடியை விடவில்லை. இழுக்க இழுக்க நிழல் நீண்டது. பத்தடி, இருபதடி, ஒரு வயல் நீளம். சூரியன் பாதி இறங்கிவிட்டது.

"கத்தரியை எடுக்கறேன். இந்த அளவுக்கு வெட்டிக்கலாம்," என்று இருளாயி மயிர் கத்தரிக்கிற கத்தரியைத் தேடினாள்.

"அதுக்கும் வலிக்கும்டி," என்றாள் ஆவுடை. இழுப்பதை நிறுத்தினாள். செவலையின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த இடத்தில் மண் நனைந்தது.

"உனக்கு என்ன வேணும்?" என்று நிழலிடம் கேட்டாள். அவள் குரல் தூரத்திலிருந்து வருவதுபோல இருந்தது.

"உனக்கு நான் ஒரு துணி," என்றது நிழல். "உதறுவே, சுருட்டுவே, கொடியில போடுவே. இவளுக்கு நான் பிள்ளை."

நிழல் சொன்னது சரிதான். ஆவுடை தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு துளி உருண்டு மண்ணில் விழுந்தது. கண்ணீரா, அவளேதானா, தெரியவில்லை.

செவலை கொஞ்ச நேரம் அசைபோட்டது. பிறகு நிழலை முட்டி எழுப்பியது.

"பால் குடிக்கிற பிள்ளைகூட நாள் பூரா மடியில கிடக்கறதில்லை. என் குட்டிக்குப் பயம் உச்சி வேளைதான். அப்ப மட்டும் வா. மத்த நேரம் அவகூட இரு. அவ உருகிப் போனா யார் எங்களை மேய்ப்பா? இந்த வாய்க்காரியா?"

"நான் இனிச் சுருட்ட விடமாட்டேன்," என்றது நிழல். "கொடியிலயும் கிடக்க மாட்டேன்."

"வேண்டாம். தரையில என்கூடவே நட," என்றாள் ஆவுடை. "உச்சிக்குப் போ, வா. ஆனா குதிகால் மட்டும் என்கிட்ட இருக்கட்டும். நீ திரும்பி வர வழி தெரியணும்ல."

இடுப்பில் செருகியிருந்த நூல் நூற்கும் தக்களியிலிருந்து கருப்புக் கம்பளி நூலை உருவி, நிழலின் குதிகாலைத் தன் குதிகாலோடு சேர்த்துக் கட்டினாள். மூன்றாவது முடிச்சு விழுந்தபோது சூரியனின் கடைசிக் கீற்று போனது. நிழல் எழுந்து வந்து அவளைப் போர்த்தியது. அதில் சீம்பால் வாசனை அடித்தது. அவள் கை மறுபடி கையாகக் கனத்தது.

மறுநாள் காலையிலேயே நிழல் மந்தை இருந்த பக்கமாக நீண்டு நீண்டு பார்த்தது. உச்சி வந்ததும் நழுவியது. ஆவுடையின் காலடியில் ஒரு பிடி நிழல் மட்டும், குதிகால் முடிச்சோடு, மிஞ்சியிருந்தது. சாயங்காலம் பாலும் கம்பளியும் மணக்கத் திரும்பி வந்தது. ஆனால் மடியை விட மனமில்லாமல் வயல் நீளத்துக்கு இழுபட்டுக்கொண்டே வந்தது.

நிழல்களுக்குள் பேச்சு ஏது என்று நினைக்க வேண்டாம். ஒரு வாரத்துக்குள் இருளாயியின் நிழலும், தன்னையும் அப்படிக் கட்டி உச்சியில் மந்தைக்குப் போக விடச் சொல்லிக் கேட்டது.

"உனக்குமா?" என்று அலுத்துக்கொண்டே அவளும் நூலை எடுத்தாள். பிறகு ஊர் ஊராக, மரம் மட்டை, மலை வரைக்கும் அந்தச் சேதி போய்விட்டது.

செவலையின் குட்டி வளர்ந்து கிடாவானது. அதற்குச் சொந்த நிழலும் முளைத்தது. ஆனாலும் உச்சி வேளை வந்தால் அது தலையைத் தாழ்த்திப் பக்கத்து ஆட்டின் வயிற்றடியில் எதையோ தேடும். அதைப் பார்த்து மற்ற ஆடுகளும் தேடின.

அன்று முதல்தான் காலையும் மாலையும் நீண்டு கிடக்கிற நிழல் உச்சியில் நம் காலடியில் ஒரு பிடியாக ஒடுங்கிவிடுகிறது. மரமில்லாத பொட்டலில் ஆடுகள் ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையைக் கொடுத்து, அசையாமல், கூட்டமாக நிற்கின்றன. நம்மிடமிருந்து போன மிச்ச நிழல் அந்தக் கூட்டத்துக்கு நடுவில், ஒரு குட்டியின்மேல் கிடக்கிறது.