நீர்க்கோழியும் தவளையும் பாடிய தொடர்பாட்டு

வற்றிக்கொண்டிருந்த ஒரு காட்டுக் குளத்தின் ஓரம், கோரைப் புல்லுக்குள் ஒரு நீர்க்கோழி ஐந்து முட்டைகளை அடைகாத்தது. அதன் துணையைப் பருந்து தூக்கிப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அன்று முதல் மாற்றி உட்கார ஆளில்லை. வயிறார இரையும் இல்லை, கண்ணாரத் தூக்கமும் இல்லை.

அன்று காலை முட்டைகளுக்குள் தட்டும் சத்தம் கேட்டது. அதே நேரம் மேட்டில் யானைக் கூட்டமும் வந்து நின்றது. குளத்தில் இறங்கச் சரிவாக இருந்தது அந்தக் கோரை முளைத்த இடம் மட்டும்தான்.

“பெரியம்மா, இன்னிக்கு ஒரு பொழுது பொறுங்க! குஞ்சுங்க தண்ணியில இறங்கிடட்டும்!” என்று நீர்க்கோழி கெஞ்சியது.

“மூணு நாள் நடந்து வந்திருக்கோம். தாகம் பொறுக்குமா?” என்றது தலைவி யானை.

ஆனால் அந்த யானைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தொடர்பாட்டு நடக்கும் இடத்தில், அது அறும்வரை அவை காலடி எடுத்து வைப்பதில்லை. தொடர்பாட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூன்று அடி பாடுவார். மற்றவர் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி பாடுவார். அதைப் பிடித்து மறுபடி மூன்று. பிடிக்க முடியாமல் ஒருவர் நின்றுவிட்டால் பாட்டு அறுந்தது என்று பொருள்.

பக்கத்தில் பாடத் தெரிந்தது தவளை ஒன்றுதான்.

“தம்பி, என்கூடப் பாடு!”

“பாடலாம் அக்கா. ஆனா மூணடி எனக்குத்தான். சபை எவ்வளவு பெரிசு பாரு!”

தவளை தொண்டையை உப்பிக்கொண்டு தொடங்கியது:

“காய்ந்த குளத்தில்
முதல் மழைத்துளி போல
என் ஒரு குரல்!”

யானைகள் காதை ஆட்டின. “ஆகா!”

நீர்க்கோழி பாடியது:

“குரல் வந்த திசைக்கு
மான் ஒன்று காது திருப்புகிறது.”

ஒரு காதும் ஆடவில்லை. ஆனால் பாட்டு நகர்ந்தது. மானிலிருந்து மலைக்கும், மலையிலிருந்து மேகத்துக்கும் போனது. உச்சிவெயில் ஏறுவதற்குள் இரண்டு முட்டை ஓடுகள் உடைந்தன.

பாராட்டு ஏற ஏறத் தவளைக்குத் தலை கனத்தது. எல்லோரையும் அசத்த நினைத்து ஓங்கிப் பாடியது:

“வானமும் தீர்ந்தது,
பூமியும் தீர்ந்தது,
இனிப் பாட ஏதுமில்லை!”

யானைகள் தும்பிக்கை தூக்கிப் பிளிறின. “புலவரே! பிரமாதம்!”

“எப்படி அக்கா?”

“நல்லாத்தான் இருக்கு. எல்லா வழியையும் அடைச்சுட்டியே, நான் எங்கே நுழையறது?”

“அது உன் பாடு! என் அடிக்குக் காது ஆட்டினாங்க. உன் அடிக்கு யாராச்சும் ஆட்டினாங்களா?”

“இல்ல தம்பி. ஒருத்தரும் ஆட்டல” என்றது நீர்க்கோழி. எப்படியோ தேடிப் பிடித்தது:

“ஒன்றுமில்லாத இடத்தில்
எறும்பு எதையோ தேடுகிறது.”

மூன்றாவது ஓடு உடைந்தது. தவளையோ விடவில்லை:

“எறும்பும் செத்தது,
தேடலும் செத்தது,
முடிந்தது, எல்லாம் முடிந்தது!”

மறுபடியும் பிளிறல். நீர்க்கோழி அலகைத் திறந்தது. ஒன்றும் வரவில்லை. ஒன்பது நாள் அலுப்பும் ஒன்றாக வந்து தலையில் உட்கார்ந்தது.

“அறுந்துடுச்சா?” என்று தலைவி யானை முன்காலைத் தூக்கியது.

“அக்கா! பாடு அக்கா!” என்று தவளை பதறியது.

“எல்லாம் முடிஞ்சுதுன்னு நீதானே பாடின? எனக்கு முடியல தம்பி.”

யானைக்காலின் நிழல் கூட்டின் மேல் விழுந்தது. அந்த நிழலுக்குள், நான்காவது ஓட்டின் விரிசல் வழியே ஒரு சின்ன அலகு எட்டிப் பார்த்தது. தவளை அதைக் கண்டது. அதன் உப்பிய தொண்டை அடங்கியது.

“பெரியம்மா, நில்லுங்க! அந்த அடி எனக்கு வேண்டாம். வேற பாடுறேன்!”

“உன் நல்ல அடியையா விடுற? சரி. ஒரே ஒரு தடவைதான்.”

தவளை மெல்லப் பாடியது:

“சேற்றில் ஒரு குழி.
கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது.
யாராவது வரலாம்.”

எந்தக் காதும் ஆடவில்லை. நீர்க்கோழி தலையைத் தூக்கியது. அடி தானாக வந்தது:

“வருகிறேன் என்று
உள்ளிருந்து ஒருவர் தட்டுகிறார்.”

யானை தூக்கிய காலை மேட்டிலேயே வைத்தது. அப்புறம் அவ்விருவரும் சின்னச் சின்ன அடிகளாகவே பாடினார்கள். பொழுது சாயும்போது ஐந்து கறுப்புக் குஞ்சுகளும் தாயின் பின்னால் தண்ணீரில் இறங்கின. அதன் பிறகுதான் பாட்டு நின்றது. யானைகள் இறங்கிக் கோரையை மிதித்துக்கொண்டு தண்ணீர் குடித்தன.

எதிர்க்கரையில் தவளை கேட்டது: “அக்கா, கடைசியில யாருமே பாராட்டலியே?”

“பாராட்டல. ஆனா அஞ்சும் இருக்கு, எண்ணிப் பாரு. என்னைக் கொஞ்சம் தூங்க விடு தம்பி.”

கூடிச் செய்யும் வேலையைக் காப்பாற்றுகிறவர் பாராட்டு வாங்குகிறவர் அல்லர். அடுத்தவருக்கு இடம் விட்டு நிறுத்துகிறவரே.